வருமான வரிக் குறைப்பு: மேடையில் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மாலை 4 மணிக்கு, நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கத் தொடங்குவார். அவர் வாசித்து முடித்து உட்காருவதற்குள் நான்கைந்து வரிகள் மட்டும் தனியே பிரிந்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். உதவித்தொகை எவ்வளவு, அரசு ஊழியருக்குச் சிறப்பு நிதி உண்டா, வருமான வரி குறைந்ததா என்பவை அவை. "வருமான வரி 2 விழுக்காடு குறைப்பு" என்ற வரி வந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விடும். அடுத்த நாளே தொகுதித் தலைவர் முதல் கிளைத் தலைவர் வரை எல்லாரும் அதை வரவேற்று அறிக்கை விடுவார்கள்.

அந்த வரி பொய்யில்லை. ஆனால், அதைக் கேட்கும் தோட்டத் தொழிலாளியும் தாமான் வீட்டில் இருக்கும் தொழிற்சாலை ஊழியரும் தமக்கும் ஏதோ மிச்சமாகப் போகிறது என்று நினைத்துக் கொள்கிறார்கள். அப்படி நினைக்க வைப்பதும், நினைத்ததைத் திருத்தாமல் விடுவதும் அரசியலில் நேர்மை சம்பந்தப்பட்ட விஷயம். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இது நடந்திருக்கிறது என்பதால் ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லவும் வழியில்லை.

முதலில் கணக்கு. மலேசியாவில் வருமான வரி சம்பளம் முழுவதற்கும் ஒரே விகிதத்தில் போடப்படுவதில்லை. ஆண்டு வருமானத்தில் இருந்து தனிநபர் விலக்கு 9,000 ரிங்கிட், இபிஎப் சந்தாவுக்கு 4,000 ரிங்கிட் வரை, பிறகு பிள்ளைகள், காப்புறுதி என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, மிஞ்சும் தொகைக்குத்தான் வரி. அந்தத் தொகையும் படிப்படியாகப் பிரிக்கப்படுகிறது. முதல் 5,000 ரிங்கிட்டுக்கு வரியில்லை. 20,000 வரை 1 விழுக்காடு. 35,000 வரை 3 விழுக்காடு. அதற்கு மேல் ஒவ்வொரு படியிலும் விகிதம் ஏறும். வரிக்குரிய வருமானம் 35,000 ரிங்கிட்டைத் தாண்டாதவருக்கு, வந்த வரியில் 400 ரிங்கிட் தள்ளுபடியும் உண்டு. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், இபிஎப் போக மாதம் ஏறக்குறைய 3,100 ரிங்கிட்டைத் தாண்டாத தனியாள் ஒரு காசுகூட வருமான வரி கட்ட வேண்டியதில்லை.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். கணவர் செம்பனைத் தோட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்குகிறார். மனைவி பக்கத்துப் பட்டணத்தில் துப்புரவு வேலை செய்கிறார்; அவருக்கும் 1,700 ரிங்கிட். மகன் ஷா ஆலாமில் தொழில்நுட்பராக இருக்கிறார். சம்பளம் 4,500 ரிங்கிட். வரிக் குறைப்பு என்ற செய்தியைக் கேட்டு மூவருமே மகிழ்கிறார்கள். பெற்றோர் இருவருக்கும் கிடைப்பது சுழியம். அவர்கள் கட்டாத வரியை யாராலும் குறைக்க முடியாது. மகனின் ஆண்டு வருமானம் 54,000. விலக்குகள் போக வரிக்குரியது 41,000. 2023ஆம் ஆண்டின் குறைப்புக்கு முன் அவருக்கு வரி 1,080 ரிங்கிட். குறைப்புக்குப் பின் 960. ஆண்டுக்கு 120 ரிங்கிட், மாதத்துக்கு 10 ரிங்கிட் மிச்சம்.

"2 விழுக்காடு" என்று கேட்டதும் 4,500 ரிங்கிட்டில் 2 விழுக்காடு, அதாவது மாதம் 90 ரிங்கிட் என்று அந்த இளைஞர் மனத்தில் கணக்குப் போட்டிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. செய்தி அவருக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. உண்மையில் அந்த 2 விழுக்காடு, 35,000 ரிங்கிட்டுக்கு மேல் உள்ள 6,000 ரிங்கிட்டுக்கு மட்டும் உரியது.

இதே குறைப்பின் முந்தைய வடிவம் இன்னும் கவனித்துப் பார்க்க வேண்டியது. 2022 அக்டோபர் 7ஆம் தேதி அப்போதைய நிதியமைச்சர் தெங்கு ஸப்ருல் 2023ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தார். மூன்று நாள் கழித்து, 10ஆம் தேதி, நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. திட்டம் விவாதத்துக்கு வரவில்லை, நிறைவேறவும் இல்லை. ஆனால் அதில் இருந்த வரிக் குறைப்பு தேர்தல் பிரசாரத்தில் பேசுவதற்கு இருந்தது. அதை வாசித்த அமைச்சரே அந்தத் தேர்தலில் கோல சிலாங்கூரில் தேசிய முன்னணி வேட்பாளராக நின்றார். தோட்டங்கள் உள்ள தொகுதி அது.

அந்தத் திட்டத்தில் 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரையிலான இரு படிகளில் 2 விழுக்காட்டுப் புள்ளி குறைப்பு. 250,000 முதல் 400,000 வரையிலான படியில் மட்டும் 24.5இல் இருந்து 25 விழுக்காடாக உயர்வு. "நடுத்தர வர்க்கத்துக்கு உதவி, பணக்காரருக்குக் கூடுதல் வரி" என்று இதைச் சொல்லலாம். கேட்பதற்கும் நன்றாக இருக்கும். கணக்கைப் போட்டால் படம் மாறுகிறது. படிமுறை வரியில் கீழ்ப்படியில் குறைத்தால் மேல்படியில் இருப்பவருக்கும் அந்தக் குறைப்பு கிடைக்கும். அவரும் அந்தப் படிகளைக் கடந்துதானே மேலே போகிறார். ஆகவே ஒரு மில்லியன் ரிங்கிட் வருமானமுள்ளவருக்குக் கீழ்ப்படிகளில் 1,000 ரிங்கிட் மிச்சம், உயர்த்தப்பட்ட படியில் 750 ரிங்கிட் கூடுதல். நிகரமாக அவருக்கும் 250 ரிங்கிட் லாபம். ஷா ஆலாம் தொழில்நுட்பருக்கோ அந்தத் திட்டத்தில் ஒன்றும் இல்லை. அவருடைய 41,000 ரிங்கிட் அந்தப் படியைத் தொடவே இல்லை.

தேர்தலுக்குப் பிறகு பிரதமரும் நிதியமைச்சருமான டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் 2023 பிப்ரவரி 24ஆம் தேதி திருத்திய திட்டத்தைத் தாக்கல் செய்தபோது குறைப்பு 35,000 ரிங்கிட் படியில் இருந்தே தொடங்கியது. 8 விழுக்காடு 6 ஆனது. 13 விழுக்காடு 11 ஆனது. 21 விழுக்காடு 19 ஆனது. அதோடு 100,000 ரிங்கிட்டுக்கு மேல் பல படிகளில் விகிதம் அரை விழுக்காட்டுப் புள்ளியில் இருந்து 2 வரை ஏறியது. இதனால் அதிகபட்ச மிச்சம் 1,300 ரிங்கிட். வரிக்குரிய வருமானம் 230,000 ரிங்கிட்டைத் தாண்டும்போது மிச்சம் தீர்ந்து கூடுதல் வரி தொடங்குகிறது. ஒரு மில்லியன் வருமானக்காரர் முன்பைவிட 10,950 ரிங்கிட் அதிகம் கட்டுகிறார்.

யாருக்குக் குறைகிறது, அந்த ஓட்டையை யார் அடைக்கிறார்கள் என்ற இரண்டையும் ஒரே அட்டவணையில் காட்டிய வகையில் 2023 பிப்ரவரித் திட்டம் முந்தையதைவிட நேர்மையானது என்று சொல்லலாம். பிடிக்காதவர் எதிர்க்கலாம், ஆனால் எதை எதிர்க்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்காக அந்த அரசாங்கத்துக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிட முடியாது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த அடுத்த திட்டத்தில் சேவை வரி 6இல் இருந்து 8 விழுக்காடாக உயரும் என்று அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. உணவு, தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம், தளவாடச் சேவை ஆகியவற்றுக்கு உயர்வு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வாகனக் காப்புறுதிக்கு உண்டு. மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி புதுப்பிக்கும் தோட்டத் தொழிலாளியும் அந்த 8 விழுக்காட்டைக் கட்டுகிறார். தொகை சிறியதுதான். இருந்தாலும் வருமான வரிக் குறைப்பில் அவருக்குச் சுழியம், சேவை வரி உயர்வில் அவருக்கும் பங்கு என்பது உண்மை. ஒரு கையில் கொடுத்தது ஒருவருக்கு, மறு கையில் எடுத்தது எல்லாரிடமும். இவ்விரண்டும் வெவ்வேறு ஆண்டு அறிவிப்புகளில் வந்ததால் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்தே அறிவித்த ஒரு வழக்கும் உண்டு. 2013 மே மாதம் பொதுத் தேர்தல் முடிந்தது. ஐந்தரை மாதம் கழித்து, அக்டோபர் 25ஆம் தேதி, அப்போதைய பிரதமர் டத்தோஸ்ரீ நஜிப் ஜிஎஸ்டி எனும் பொருள் சேவை வரியை அறிவித்தார். 2015 ஏப்ரல் 1 முதல் 6 விழுக்காடு. அந்தக் கசப்போடு கொடுத்த சர்க்கரைதான், வரி செலுத்துவோர் அனைவருக்கும் 1 முதல் 3 விழுக்காட்டுப் புள்ளி வரை வருமான வரிக் குறைப்பு.

"வரி செலுத்துவோர் அனைவருக்கும்" என்பது கவனமாகத் தேர்ந்தெடுத்த சொற்கள். மேடையில் அது "அனைவருக்கும்" என்று சுருங்கிவிடும். வரிக்குரிய வருமானம் 35,000 ரிங்கிட் உள்ளவருக்கு அந்த விகித மாற்றத்தில் மிச்சமானது 300 ரிங்கிட். 50,000 உள்ளவருக்கு 450. 100,000 உள்ளவருக்கு 1,950. 400,000 ரிங்கிட் உள்ளவருக்கோ 7,200 ரிங்கிட். அவர் ஜிஎஸ்டி கட்டிய பொருள்களில் ஆண்டுக்கு 120,000 ரிங்கிட் செலவழித்தால்தான் அந்த மிச்சம் கரையும். அதற்குக் குறைவாகச் செலவழித்தால் ஜிஎஸ்டி வந்த பிறகும் அவர் கையில் லாபம் நின்றது.

அடிமட்டத்தில் இருந்தவர்களை அரசாங்கம் அடியோடு மறந்துவிடவில்லை. அரிசி, சீனி, மாவு, சமையல் எண்ணெய், காய்கறி, மீன், கோழி போன்றவற்றுக்கு ஜிஎஸ்டி சுழிய விகிதத்தில் இருந்தது. பழைய விற்பனை வரியும் சேவை வரியும் நீங்கின. மாதம் 3,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு பிரிம் உதவித்தொகை 650இல் இருந்து 2015இல் 950 ஆனது. கூடிய 300 ரிங்கிட், மாதம் 417 ரிங்கிட் வரை வாங்கும் ஜிஎஸ்டி பொருள்களுக்கு ஈடு. 4,000 ரிங்கிட் வரை உள்ள குடும்பத்துக்கு 450இல் இருந்து 750. ஏழைக் குடும்பத்தைப் பொறுத்தவரை இது மோசமான ஏற்பாடு என்று சொல்லிவிட முடியாது.

நடுவில் விழுந்தவர்கள்தான் பேசப்படாமல் போனார்கள். கணவர் லோரி ஓட்டி 2,500 ரிங்கிட், மனைவி தொழிற்சாலையில் 2,000 ரிங்கிட். கூட்டினால் 4,500, பிரிம் கிடையாது. தனித்தனியாகப் பார்த்தால் இருவருமே வருமான வரி கட்டும் நிலையில் இல்லை. எனவே வரிக் குறைப்பும் கிடையாது. வந்தது ஜிஎஸ்டி மட்டும். தோட்டம் மூடப்பட்டு, துண்டாடப்பட்டு, பட்டணத்துக்கு ஒட்டிய மலிவு வீடுகளுக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் இப்படிப்பட்டவை எத்தனை என்பதை அங்கே வசிப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "அனைவருக்கும் வரிக் குறைப்பு, ஏழைகளுக்கு பிரிம்" என்ற இரண்டு வாசகங்களுக்கும் இடையில் இருந்த இடைவெளியில் அவர்கள் நின்றார்கள். விலைவாசி ஏறுகிறது என்று அவர்கள் முணுமுணுத்தபோது, வரியைக் குறைத்திருக்கிறோமே என்று பதில் வந்தது. 2018 மே 9 தேர்தல் முடிவுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். இந்த முணுமுணுப்பும் அதில் ஒன்று.

அந்தத் தேர்தலுக்கும் ஒரு வரிக் குறைப்பு இருந்தது. 2017 அக்டோபர் 27ஆம் தேதி தாக்கலான திட்டத்தில் 20,000 முதல் 70,000 ரிங்கிட் வரையிலான மூன்று படிகளில் 2 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. ஆறு மாதத்தில் தேர்தல். 2017 அக்டோபர், 2022 அக்டோபர் என்று இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் தாமே முடிவு செய்து கொள்ளலாம். தேர்தலுக்கு முன் வரி குறைவதும் தேர்தலுக்குப் பின் வேறு வரி வருவதும் தற்செயல் என்று நம்ப நல்ல மனசு வேண்டும்.

வரியைக் குறைப்பதே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. மாதச் சம்பளக்காரருக்கு வரி, சம்பளம் கைக்கு வருமுன்பே பிசிபி என்று பிடிக்கப்பட்டுவிடுகிறது. ரொக்கத்தில் வியாபாரம் செய்பவருக்கு உள்ள வளைவு நெளிவு அவருக்கு இல்லை. பள்ளத்தாக்கில் வாடகை, கார் தவணை, பிடிபிடிஎன் கடன் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு 6,000 அல்லது 7,000 ரிங்கிட் சம்பாதிக்கும் இளம் தம்பதிக்கு ஆண்டில் சில நூறு ரிங்கிட் மிச்சமானால் அது பிள்ளையின் டியூஷன் கட்டணத்துக்கு ஆகும். தோட்டத்தில் பிறந்து படித்து மேலே வந்த பிள்ளைகள் பலர் இன்று இந்தப் படிகளில்தான் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் இன்கம் டேக்ஸ் என்றால் துரைக்கும் கிராணிக்கும் உள்ள தொல்லை என்றிருந்தது. இன்று அது மேஸ்திரியின் பேத்திக்கும் உள்ளது. அவர்களுக்கு உதவும் குறைப்பை வரவேற்கலாம். அதை எல்லாருக்குமான உதவி என்று தோட்டத்து மண்டபத்தில் வந்து சொல்வதில்தான் பிசகு இருக்கிறது.

சத்தமில்லாமல் நடக்கும் இன்னொன்றை எந்தக் கட்சியும் மேடையில் பேசுவதில்லை. தனிநபர் விலக்கு 8,000இல் இருந்து 9,000 ரிங்கிட்டாக உயர்ந்தது 2010 மதிப்பீட்டு ஆண்டில். அதன் பிறகு அது அசையவில்லை. இந்த இடைவெளியில் ரொட்டி சானாய் விலை முதல் வீட்டு வாடகை வரை எல்லாம் ஏறிவிட்டன. விலைவாசியைச் சமாளிக்கச் சம்பளமும் கொஞ்சம் ஏறியது. சம்பளம் ஏறியதால் பலர் வரி கட்டும் படிக்கு வந்தார்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் அடுத்த படிக்கு ஏறினார்கள். அவர்களால் வாங்க முடிந்த பொருள் கூடவில்லை, வரி மட்டும் கூடியது. விகிதம் எதையும் உயர்த்தாமலேயே, சட்டத் திருத்தம் எதுவும் இல்லாமலேயே அரசாங்கத்துக்கு வருமானம் கூடுகிறது. பிறகு சில ஆண்டுக்கு ஒரு முறை அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "குறைப்பு" என்று பெயர் வைத்துக் கைதட்டல் வாங்க முடிகிறது.

எந்த வகையில் குறைக்கிறார்கள் என்பதும் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதை முடிவு செய்துவிடுகிறது. புத்தகம், கணினி, இணையக் கட்டணம் போன்றவற்றுக்கான வாழ்க்கைமுறை விலக்கு 2,500 ரிங்கிட். 3 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு அதன் மதிப்பு 75 ரிங்கிட். 25 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு அதே விலக்கு 625 ரிங்கிட். முதல் வீடு வாங்குவோருக்கு 2025 திட்டத்தில் அறிவித்த வீட்டுக் கடன் வட்டி விலக்கும் அப்படித்தான்: 7,000 ரிங்கிட் விலக்கு கீழே இருப்பவருக்கு 210 ரிங்கிட், மேலே இருப்பவருக்கு 1,750. அதே வீடு, அதே வட்டி என்றாலும் அரசாங்கம் தாங்கும் பங்கு சம்பளம் கூடக்கூடக் கூடுகிறது. வீட்டுக் கடனே கிடைக்காத 1,700 ரிங்கிட் சம்பளக்காரர் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

அடுத்த பொதுத் தேர்தலுக்கு முன் மறுபடியும் ஒரு வரிக் குறைப்பு அறிவிப்பு வந்தால் ஆச்சரியப்படத் தேவையில்லை. அப்போது பேச வருபவரிடம் கேட்பதற்கு எளிய கேள்விகள் உண்டு. மாதம் 1,700, 3,000, 4,500, 15,000 வாங்கும் நான்கு பேருக்கும் ஆண்டுக்கு எத்தனை ரிங்கிட் மிச்சம் என்று தொகையாகச் சொல்லச் சொல்லலாம், விழுக்காடாக அல்ல. குறையும் வருமானத்தை எந்த வரியில், எந்த உதவித்தொகையில், எந்தச் செலவில் சரிக்கட்டப் போகிறீர்கள் என்று கேட்கலாம். நிதியமைச்சுக்கு இந்தக் கணக்குத் தெரியும். பட்ஜெட் உரையின் பின்னிணைப்பில் பழைய விகிதமும் புதிய விகிதமும் அச்சாகிறது. அதைப் படித்துவிட்டு மேடை ஏறுவதற்கு எந்தக் கட்சிக் கிளைத் தலைவருக்கும் ஒரு மணி நேரம் போதும்.

கீழ்ப்படியில் இருப்பவருக்கே உதவ வேண்டும் என்று உண்மையாக நினைக்கும் நிதியமைச்சருக்கு ஒரு வழி கையிலேயே இருக்கிறது. வரிக்குரிய வருமானம் 35,000 ரிங்கிட்டைத் தாண்டாதவருக்குத் தரப்படும் 400 ரிங்கிட் தள்ளுபடியை உயர்த்தினால், அதன் பலன் மேல்படிக்குக் கசியாது. தள்ளுபடி 600 ரிங்கிட் ஆனால், அந்த வரம்புக்குள் இருக்கும் யாருமே வரி கட்ட வேண்டியிராது. ஒரு மில்லியன் வருமானக்காரருக்கு அதில் ஒரு காசும் போகாது. அந்தத் தள்ளுபடி கடைசியாக உயர்ந்தது 2009 மதிப்பீட்டு ஆண்டில், 350இல் இருந்து 400 ரிங்கிட்டாக.